படித்துறையில் விழுந்ததாகச் சொன்னேன்

எமர்ஜென்சி முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் மகன் திருச்சியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் அவன்தான். நான் எட்டாவதோடு நின்றவன். பொன்மலையில் ரயில்வே வேலை, குடியிருப்பு ஸ்ரீரங்கம். காவிரியில் குளித்து, திருமண் இட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் ஷிப்டுக்குக் கிளம்புவேன். தெருவில் எனக்கு நல்ல பெயர்.

ஒரு பஸ் கண்டக்டருக்கும் மாணவர்களுக்கும் தகராறு. பஸ் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டார்கள். மத்தியானம் போலீஸ் காலேஜுக்குள்ளேயே புகுந்தது. கல் எறிந்தவர்கள் சுவரேறிக் குதித்துப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது லைப்ரரியில் உட்கார்ந்து படித்தவர்கள். என் மகனும் அவனுடைய மண்ணச்சநல்லூர் சிநேகிதனும் ஒரே பெஞ்சில் இருந்திருக்கிறார்கள். இருவரையும் வெளியே இழுத்துப் போட்டு லத்தியால் அடித்தார்கள். மகன் ஒடிந்த கையைத் தாங்கிக்கொண்டு எப்படியோ வீடு வந்து சேர்ந்தான். சிநேகிதனை வேனில் ஏற்றிப் போய், கல் எறிந்ததாகக் கேஸ் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆச்சு என்றார். மகன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா மண்டபத்துப் படித்துறையில வழுக்கி விழுந்துட்டானுங்க."

டாக்டர் அவன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். "காவேரிப் படி இப்படிக் கோடு கோடா அடிக்குமா?"

"பாசி சார். ரெண்டு மூணு படி உருண்டுட்டான்."

அவர் மேலே கேட்கவில்லை. நான் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். போலீஸ் அடித்தது என்று எழுதினால் இவனையும் கேஸில் சேர்ப்பார்கள், பிறகு சர்க்கார் வேலையே கிடைக்காது என்று எனக்குப் பயம். 

காலேஜில் போலீஸ் அடித்தது பற்றி ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும் என்று அறிவித்தார்கள். சிநேகிதன் ஜாமீனில் வந்திருந்தான். அவனுடைய அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு நின்றார். நான் பூஜை முடித்து எழுந்த நேரம். அவர் கையில் துளசித் தீர்த்தம் விட்டேன். பயபக்தியாகக் குடித்து, கையைத் தலையில் துடைத்துக்கொண்டார்.

"சாமி, உங்க பையன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், ரெண்டு பேரையும் சேத்துத்தான் அடிச்சாங்கன்னு எம்பையன் சொல்றான். தம்பி வந்து அதை ஒரு வார்த்தை சொன்னா போதுங்க. அவன் கல்லெடுக்கலைன்னு ஆயிடும்."

"இல்லீங்களே. இவன் அன்னிக்குக் காலேஜுக்கே போகலை. படித்துறையில விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டான். ஆஸ்பத்திரி சீட்டு இருக்கு, காட்டறேன்."

"சீட்டு எதுக்குங்க? தீர்த்தம் குடுக்கிற கையி. நீங்க பொய் சொல்லுவீங்களா?"

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். "அப்ப எம்பயதான் எங்கிட்டயே புளுகியிருக்கான். எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லைன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன் பாருங்க. வரேனுங்க சாமி."

அவர் தெருக்கோடி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. உள்ளேயிருந்து மகன் வந்தான்.

"அப்பா, அவர் வீட்டுக்குப் போய் அவனை அடிப்பாருப்பா. போலீஸ்கிட்ட அடி வாங்கின முதுகுப்பா அது."

"சத்தம் போடாதே. தெருவுக்குக் கேக்கும்" என்றேன். அதுதான் நான் சொன்ன பதில். எழுதவே கூசுகிறது.

மகன் என்னிடம் சொல்லாமல் தானாகவே விசாரணைக்குப் போயிருக்கிறான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு, ரிஜிஸ்டரை வரவழைத்துப் பார்த்திருக்கிறார்கள். "உங்கப்பாவே சொல்லி எழுதினது இருக்கே தம்பி. சிநேகிதனுக்காகப் பொய் சொல்ல வந்தியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். சிநேகிதனைக் காலேஜிலிருந்து நீக்கினார்கள். அப்பாவோடு அதே மில்லில் மூட்டை தூக்கப் போனான். என் மகனுக்கு நான் நினைத்தபடியே சர்க்கார் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எனக்கு வேஷ்டி எடுத்து வந்தான். நமஸ்காரம் பண்ணினான். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மண்ணச்சநல்லூர் இங்கிருந்து ஒரே பஸ். இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். இரண்டு தடவையும் பாதி வழியில் டோல்கேட்டிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அந்த மனிதரிடம் நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: உங்கள் பிள்ளை உங்களிடம் பொய் சொல்லவில்லை. பெருமாளிடம் அதைத் தினமும் சொல்கிறேன். சொல்ல வேண்டிய இடம் அது இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.