அருளானந்தனின் பூபிலும் ஒழுகின பூட்டும்

ஒஸ்லோவில் எங்கள் எல்லிங்ஸ்ருட் பக்கம் அருளானந்தனைத் தெரியாத தமிழர் இல்லை. ஆளைத் தெரியாவிட்டாலும் வாகனத்தைத் தெரியும். சமைக்கவும் படுக்கவும் வசதியுள்ள, நோர்வேக்காரர் பூபில் என்று சொல்லுகிற சாமான். அமெரிக்காவில் செய்தது. அது எங்கள் மாடிவீட்டுக்கு முன்னால் நின்றால் மற்றவன் கார் விட இடமிராது. அதுக்காகத்தான் நான் முதல் அவனோடு சண்டை பிடித்தேன். சிநேகிதமும் அப்படித்தான் வந்தது.

ஊரில் பேசாலைக் கடற்கரையில் பிறந்தவன். நோர்வேக்கு வந்து, வடக்குக் கரையில் பாட்ஸ்பியோர்ட் மீன் பக்டரியில் மீன் வெட்டினான். அங்கே மெஷின் நின்றால் மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போவார்கள், இவன் மெஷினுக்குக் கீழே போவான். அந்தப் பழக்கம் ஒஸ்லோவில் பஸ் கராச் வேலைக்கு உதவியது. கதை குறைவு. மனுசி இமெல்டா அவனுக்கும் சேர்த்துக் கதைப்பாள்.

இரண்டாயிரத்து ஆறு, ஆவணி. அடுத்த கிழமை ஜெர்மனியில் கெவலார் மாதா கோயிலுக்குத் தமிழர் கூடுகிற நாள். இமெல்டாவின் அக்கா மக்டலீன் பாரிசிலிருந்து அங்கே வருகிறாள். ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. ஜெர்மனிக்குப் போகிற சனிக்கிழமை மத்தியானக் கப்பலில் ஏறவேண்டும். அதை விட்டால் இவ்வளவு பெரிய வாகனத்துக்கு வேறு நாளில் இடமில்லை என்று கப்பல்காரர் சொல்லிப்போட்டார்கள்.

வெளிக்கிடுகிற நேரம் பார்த்துப் பூட்டு ஒழுகியது.

அந்த வாகனத்தில் ஒரு பக்க அறை மேசை லாச்சி மாதிரி வெளியே தள்ளும். ஓடும்போது உள்ளே இழுத்துப் பூட்டவேண்டும். பூட்டுவது எண்ணெய் அழுத்தத்தில் நகருகிற இரும்பு லொக் பின்கள். பின்னின் கழுத்தில் ஒரு றப்பர் வளையம். அது கிழிந்தால் எண்ணெய் ஒழுகும், பின் ஓட்டைக்குள் போகாது, ரோட்டில் அறை வெளியே வந்துவிடும்.

முதல்நாள் பின்னேரம் கசிவைக் கண்டு வளையம் மாற்றினான். காலையில் நிலமெல்லாம் சிவப்பு எண்ணெய். திரும்ப மாற்றினான். திரும்ப ஒழுகியது. கையில் மிச்சம் ஒரேயொரு வளையம். சனிக்கிழமை, சாமான் எடுக்கிற கடை பூட்டு.

"மாதாட்டைப் போற வாகனம் ரத்தம் கக்குது," என்றாள் இமெல்டா.

"அது எண்ணெய்."

"எனக்குத் தெரியாதே? உங்களுக்குப் பகிடியும் விளங்காது."

எனக்குப் பொறுக்கவில்லை. "உந்தச் சனியனை வித்துப்போட்டுப் பிளேனிலை போங்கோவன்!"

"பிளேனிலை என்ரை அரிசியை ஏத்துவாங்களோ வின்சென்ற் அண்ணை?"

அவளுக்கு அதுதான் கவலை. அக்கா குடும்பத்துக்கும், அக்காவோடு வருகிறவர்களுக்கும், பக்கத்துக் கூடாரத்துக்கும் சோறு போடவேண்டுமாம். ஒஸ்லோ குறொன்லாண்ட் கடைகளில் வாங்கின அரிசி மூட்டைகள், சோறு காய்ச்சுகிற கிடாரம், கிரைண்டர். முதல்நாள் தொடக்கம் எல்லாம் ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

அருளானந்தன் கீழே படுத்தபடி கடைசி வளையத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். போட மனமில்லை. இதுவும் போனால் பயணம் அவ்வளவுதான். மேலே இமெல்டா ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டாள்.

"ஆரது மேலை?"

"நான்தான். வேறை ஆர் வேலை செய்யிறது?"

"அதைத் தூக்கும்."

தூக்கினாள்.

"திரும்ப வையும்."

"தூக்கச் சொல்லுறீங்கள், வைக்கச் சொல்லுறீங்கள். என்னைப் பார்க்க என்ன மாதிரிக் கிடக்கு?"

"வையுமெண்டுறன்!"

நானும் குனிந்து பார்த்தேன். மூட்டை விழ, அந்த அறை ஒரு பக்கம் சரிந்து பின்னை நெரித்தது. கிழிந்த வளையத்தால் எண்ணெய் கசிந்தது. தூக்க, நின்றது. அள்ளி ஏற்றின சாமானெல்லாம் அந்த லாச்சி அறைக்குள்தான்!

கீழேயிருந்து அருளானந்தன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "இமெல்டா, இவ்வளவு நேரமும் நான் வளையத்தையெல்லே திட்டினனான். உம்மையெல்லோ திட்டியிருக்கோணும்!"

"அந்த அறைக்கை நல்ல இடமிருக்கெண்டு காட்டினது ஆர்?"

அவன் ஊர்ந்து வெளியே வந்து முதல் மூட்டையைத் தூக்கினான். காட்டினது அவன்தான்.

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் பின்சில்லுக்கு மேலே இருந்த கட்டிலுக்கு மாற்றினோம். எனக்கு இடுப்பு நாரி விட்டுப்போச்சு. அவன் பின்னைத் துடைத்து, அதில் விழுந்திருந்த கீறலை மண்தாளால் தேய்த்து, வளையத்தைப் போட்டு, எண்ணெய் விட்டு, பொத்தானை அமத்தினான். டக்கென்று பூட்டியது. ஒரு சொட்டும் இல்லை.

துறைமுகம் வரை நானும் போனேன். வரிசையில் நிற்கும்போதும் இறங்கிக் கீழே கடதாசி விரித்துப் பார்த்தான். கடதாசி வெள்ளையாகவே இருந்தது. கப்பல்காரன் கையைக் காட்ட, வாகனம் மெல்லக் கப்பல் வாயிலடிக்கு நகர்ந்தது, நான் யன்னலோடு நடந்தேன். இமெல்டா பாரிசுக்குப் போன் எடுத்தாள். "அக்கா" என்று மட்டும் சொன்னாள். போனை மனுசனிடம் நீட்டினாள்.

"மச்சாள், உங்கடை தங்கச்சி அழுறா. பிறகு எடுப்பா."

"ஆர் அழுறது?" என்று போனைப் பறித்தாள். யன்னலால் எனக்குக் கேட்டது அவ்வளவும்தான். வாகனம் வாயிலுக்குள் ஏற, கப்பல் கதவு மேலே எழும்பத் தொடங்கியது.