அக்கா கரை சேர்த்த தோணி

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அழுது புலம்பி எழுதியிருப்பேன் என்று நினைத்தவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு இப்போது நெஞ்சில் இருப்பது நிம்மதிதான். அது எப்படி வந்தது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஏரல் பக்கம், தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயற்காட்டு ஊரில். அப்பா சம்சாரி, வயல்தான் பிழைப்பு. அக்கா பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அப்பா தவறிவிட்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு மேல்படிப்பு எதற்கு, ஒருத்தன் கையில் பிடித்துக் கொடு என்று அம்மாவிடம் சொல்லாத உறவினர் இல்லை. இந்த மலரை வாங்குகிறவர்களிலும் சிலர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அம்மா யாருக்கும் பதில் சொல்லாமல், வயலைத் தானே நின்று பார்த்து, அக்காவைத் திருநெல்வேலிக்குப் படிக்க அனுப்பினார்கள். கல்யாணம் வேண்டாம் என்பது அக்காவே எடுத்த முடிவு. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தபின் கடைசிவரை என் வீட்டில்தான் இருந்தார்கள்.

எம்.ஏ. தமிழ் பிள்ளைகளுக்கு நாடகமும் கவிதையும் நடத்துவது அக்காவின் வேலை. ஒரு கவிதையை எடுத்தால், இதைச் சொல்வது ஆணா பெண்ணா, பெண் என்றால் எதை வைத்து அப்படி முடிவு கட்டினாய் என்று பிள்ளைகளைக் குடைந்தெடுத்துவிடுவார்களாம். பையன்கள் பெண் பேசும் வரிகளையும், பெண்பிள்ளைகள் ஆண் பேசும் வரிகளையும் வாசிக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் சட்டம். முதலில் ஒரே சிரிப்பாகக் கிடக்கும், போகப்போகப் பையன்கள் குரலே மாறிவிடும் என்று வீட்டில் வந்து சொல்வார்கள். பி.காம். படித்த எனக்கு அதில் பாதி விளங்காது. விளங்கினது போலத் தலையாட்டுவேன்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் அக்கா ஓயவில்லை. அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்காகத் தாமே ஒரு கவிதை நாடகம் எழுதினார்கள். புயலில் ஒரு தோணி முங்குகிறது. அதை நடத்தும் தண்டல், பலகையைப் பிடித்து மிதந்தபடி தன் கதையைச் சொல்கிறான். கரையில் பெண்கள் அழுகிறார்கள். தண்டலாக நடிக்கத் திரேஸ்புரத்து மாணவி ஜெனிபாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அழும் பெண்கள் எல்லாரும் பையன்கள்.

ஒத்திகை தொடங்கிய சில நாளில் ஜெனிபா வகுப்புக்கு வரவில்லை. அவள் அப்பா சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். நாடகமும் வேண்டாம் படிப்பும் வேண்டாம், வீட்டில் கிட என்று சொல்லிவிட்டாராம். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோச்சே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடம்பு இருக்கிற இருப்புக்கு இந்த நாடகம் ஒரு கேடா என்று நான் கத்தினேன். கத்தி என்ன செய்ய, மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து ஜெனிபா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

மகள் ஆண் வேஷம் போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். லுங்கி வேண்டாம், சுடிதாரிலேயே நடிக்கட்டும், மீசையும் வேண்டாம் என்று அக்கா வழியெல்லாம் சமாதானம் யோசித்தபடி வந்தார்கள். அந்த வீட்டில் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். அக்கா உடையைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் குறுக்கே வந்தார்.

"டீச்சர், அவ லுங்கி கட்டட்டும், மீச வைக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுலயே அவதான் தண்டல் கணக்கா எல்லாரையும் வெரட்டுதா. ஆனா எம் பையனுவ ரெண்டு பேரும் கடல்ல கெடக்கையில, இங்கன அடுப்படில நின்னுக்கிட்டு தோணி முங்கிட்டு, தோணி முங்கிட்டுன்னு மனப்பாடம் பண்ணுதா. வள்ளக்காரன் வீட்டுல அந்தச் சொல்லு வரலாமா?"

வயற்காட்டில் பிறந்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை. முடிவை மாற்றிவிடுகிறேன், தோணி கரைக்கு வந்து சேரும், பிள்ளையை அனுப்புங்கள் என்று அக்கா கேட்டார்கள். அப்படியானால் நாளைக்கே வருவாள் என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா விலா நோகச் சிரித்தார்கள். "ஏளா, இத்தன வருசமா ஆம்பள பொம்பளன்னே நடத்தி நடத்தி, எதப் பாத்தாலும் எனக்கு அதாத்தான் தெரியுது. அந்த மனுசனுக்கு மகன்மாரு வந்து சேரணும். அம்புட்டுத்தான்." அவர்கள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஆனால் முடிவை மாற்றுவது லேசாக இல்லை. அழுகிற பெண்களை எழுதிப் பழகிய அக்காவுக்கு, தோணி திரும்பி வந்தால் அந்தப் பெண்கள் என்ன பேசுவார்கள் என்று தெரியவில்லை. ஜெனிபாவின் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். என்னத்தைப் பேச, முதலில் எத்தனை தலை தெரிகிறது என்று எண்ணுவோம், எல்லாரும் இருந்தால் பிறகுதான் என்ன மீன் என்று கேட்போம் என்றாராம் அந்த அம்மா. அக்கா அதையே எழுதினார்கள்.

கல்லூரிக்குப் போக அக்காவுக்குத் தெம்பில்லாததால், எங்கள் வீட்டு முன்னறையில் சோபாவை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகள் நடித்தார்கள். சேலை கட்டிய பையன்கள் கண்ணுக்கு மேலே கையை வைத்துக் கடலைப் பார்த்துத் தலை எண்ணத் தொடங்கினார்கள். எண்ணிக்கை சரியாக வந்ததும் முதலில் கைதட்டியவர் நாடகம் பார்க்க வந்திருந்த ஜெனிபாவின் அப்பா. அக்கா தலையணையில் சாய்ந்தபடி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாடகத்தை அல்ல.

அதற்குப் பிறகு சில வாரங்கள்தான். கடைசியில் வலியில் துடிப்பார்களோ என்று நாங்கள் பயந்துகிடந்தோம். அப்படி ஒன்றும் நேரவில்லை. ஒரு காலையில் காபி குடித்துவிட்டுப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. அந்த மட்டும் முருகன் காப்பாற்றினான்.

ஊசி போட வீட்டுக்கே வந்த செவிலியர் தங்கைக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், சோறு பொங்கிக் கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், மகன் முறைக்கு நின்று காரியம் செய்த சித்தப்பா பேரனுக்கும், இரவு பகலாகக் கூட இருந்த மாணவ மாணவியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். தேர்வு முடிவு வந்த அன்று ஜெனிபாவின் அப்பா மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அக்காவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், புள்ள பாஸாயிட்டா. பி.எட்.ல சேக்கப் போறேன். பையனுவளும் நேத்தே கரைக்கு வந்துட்டானுவ. எல்லாரும் சொகம்."

அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். அவர் அதைச் சொல்லி முடித்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன்.