சாவி கையில் இருந்த ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். முருகேசன் அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"அல்லேலூயா, சட்டையக் கயட்டு. லைன்ல மரம் வுழுந்துகீது. மேல எங்கியும் கரண்ட் இல்ல."

கரண்ட் ஆபீசில் அவர் லைன்மேன், நான் ஹெல்பர். மலையில் எங்கள் பகுதிக்கு இரண்டே பேர். என் பெயர் தாவீது. அவர் வாயில் அது வந்ததே இல்லை. சாப்பாட்டுக்கு முன் நான் கண்ணை மூடினால், "டேய், கொழம்பு ஆறுது" என்பார். கிண்டல் செய்கிறவருக்காக ஜெபம் பண்ணு என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். முயன்று பார்த்தேன். வாய் வரவில்லை.

காவலூருக்கு மேலே காட்டோரம் கம்பி அறுந்து கிடந்தது. அந்த லைனில் கரண்டைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்ச் இரண்டு வளைவு கீழே. கைப்பிடியை இறக்கிப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டேன். அண்ணன் கம்பம் ஏறப் போனார்.

அங்கே போன் சிக்னல் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. கம்பம் ஏறியவர் இறங்கி, நேரில் வந்து, தன் வாயால் "போடு" என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் போடக் கூடாது.

நான் சுவிட்ச் அடியிலேயே நின்றேன். ஆராதனை போயிற்றே என்று எரிச்சல்.

மேலே இருந்து ஒருவர் பைக்கில் வேகமாக வந்தார்.

"சார், ஹெல்த் சென்டர்ல எம் பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. பொகை வெக்கிற மெஷினுக்குக் கரண்ட் வேணும். போடு சார்!"

"லைன்மேன் இன்னும் வரலீங்க."

"எறங்கிட்டாரு சார். வர்ற வழியில என் கண்ணால பாத்தேன், கீழ நின்னுனு இருந்தாரு."

"அவுரு வந்து சொல்லணுங்க."

"உனுக்குக் கொயந்த கீதா, இல்லியா?"

இருக்கிறது. சாவியை வெளியே எடுத்துவிட்டேன். பூட்டில் நுழைக்கவில்லை.

"அவர வண்டியில ஏத்திக்கினு வாங்க. வந்த ஒடனே போட்டுடறேன்."

"பாப்பாவுக்கு எதுனா ஆச்சு, உன்ன வுட மாட்டேன்டா!"

போனார். பைக் சத்தம் அடங்கியது. உடனே பயம் பிடித்தது. போட்டிருக்கலாமோ? அண்ணன் இறங்கித்தான் இருந்தால், குழந்தைக்கு ஒன்று என்றால் அது என் தலையில்தான். ஏறி இருந்தால்? சாவி வியர்வையில் வழுக்கியது.

"ஆண்டவரே, அந்தப் பாப்பா. ஆண்டவரே, முருகேசன் அண்ணன்." இதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பெயர் சொல்லி நான் செய்த முதல் ஜெபம் அது.

வெகு நேரம் கழித்து பைக் வந்தது. பின்னால் அண்ணன். இடுப்பில் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"போடு" என்றார்.

போட்டேன். குழந்தையின் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அண்ணன் ரோட்டோரம் உட்கார்ந்தார். "கயிறு எடுக்கத்தான் எறங்கினேன். அந்தாளு அதப் பாத்துட்டு வந்துகீறாரு. திரும்பி வந்து கத்தறப்போ நான் மேல. ரெண்டு கையிலயும் கம்பி கீது."

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மீதியை நான் குடித்தேன்.

குழந்தைக்கு மூச்சு சீராகிவிட்டது என்று சாயங்காலம் தகவல் வந்தது. அண்ணன் கிளம்பும்போது சொன்னார்:

"வர்ற ஞாயிறு ஆராதன முடிச்சிட்டே வா, தாவீது. நீ வர்ற வரிக்கும் நான் எந்தப் போஸ்ட்டும் ஏற மாட்டேன்."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். சுவிட்ச் அடியில் நிற்பது சும்மா நிற்கிற வேலை இல்லை. மேலே இருப்பவர் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்கள். பிடிக்காத ஆளாக இருந்தாலும். எனக்கு இன்றும் சாவியைக் கையில் எடுத்தால் பயம் வருகிறது. அந்தப் பயத்தை எடுத்துப் போடும்படி நான் ஆண்டவரிடம் கேட்பதில்லை.