மூடிய அலகு

சூசோவில் எங்கள் விசிறிப் பட்டறையில், பிறக்கப்போகும் ஆண்டின் விலங்கை மையில் தீட்டுவது யுன்சினின் வேலை. 1969இல் சேவல் ஆண்டு பிறக்கப் பத்து நாள் இருந்தது. சேவல் மங்கலம், அதன் கொண்டை பதவித் தொப்பி, குரல் விடியல். ஆனாலும் அவள் பயந்து பயந்துதான் வரைந்தாள். ஈராண்டுக்கு முன், ஆட்டு ஆண்டுக்கு மூன்று ஆடுகள் வரைந்தவர் தோங். அவை மேற்கே, முதலாளித்துவ நாடுகளின் பக்கம், பார்க்கின்றன என்று சொல்லி அவரை வண்டியேற்றினார்கள். அவர் திரும்பவே இல்லை. அவருடைய இருக்கையில்தான் இவள் உட்கார்ந்திருந்தாள்.

அன்று காலை குழுத் தலைவர் கோங் அவள் வரைந்த விசிறி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"இது ஏன் வாயை மூடிட்டிருக்கு?"

"தோழர்...?"

"கூவாத சேவல்! நாட்டுல இன்னும் விடியலைன்னு சொல்றியா?"

கூடத்தில் ஒருவரும் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த நான் என் முக்காலியை அவளை விட்டு மெல்ல நகர்த்திக்கொண்டேன்.

தாளில் ஊறிய மையை அழிக்க முடியாது. மேலே சேர்க்கத்தான் முடியும்.

"இன்னும் முடிக்கலை தோழர், குடுங்க."

வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, அலகிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். கை நடுங்கிய நடுக்கத்தில் அதற்குக் கால்கள் முளைத்தன.

"பூரான். விஷப் பூச்சியக் கொல்றதும் சேவல்தானே? வாய் நிறைய பூரான வச்சுக்கிட்டு எப்படிக் கூவும்?"

யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அடங்கினார்கள். கோங் சிரிக்கவில்லை.

"சரி, பூரான் யாரு?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. எந்தப் பெயரும் சுருக்குக் கயிறுதான். தூரிகையை மறுபடி மையில் தோய்த்தாள்.

"வர்க்கப் பகைவன்தான், வேற யாரு?" என்றார் மூலையில் பசை தடவிக்கொண்டிருந்த ஷென். "சின்னப் புள்ளைக்கும் தெரியுமே. தலைவருக்கா தெரியாது?"

கோங்கின் முகம் சிவந்தது. தெரியாது என்று சொல்ல அவருக்கும் பயம்.

"தெரியும். இவளுக்குத் தெரியுதான்னு பார்த்தேன். எல்லா விசிறியிலயும் பூரான் போடு."

அறுபத்து மூன்று விசிறிகள். முடித்துவிட்டுத் தொட்டியருகே தூரிகை கழுவும்போது ஷென்னிடம் கேட்டாள்:

"எனக்காக ஏண்ணே வம்புல மாட்டுனீங்க?"

"உனக்காக இல்லம்மா. தோங்கைக் கூட்டிட்டுப் போனப்போ நான் தலை குனிஞ்சு பசை தடவிட்டிருந்தேன்."

மறுநாளே யுன்சின், கண் மங்குகிறது என்று சொல்லி, மூங்கில் சீவும் பகுதிக்கு மாறிக்கொண்டாள். ஒன்பது ஆண்டுகள் தூரிகையைத் தொடவில்லை. அவளைத் தேடி யாரும் வரவுமில்லை. ஆனால் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால், கையிலிருக்கும் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அது கடந்து போகும்வரை காத்திருப்பாள்.