பிள்ளை பெற்றவளுக்கான டானிக்

மதுவிலக்கு இருந்த காலம் அது. என் கணவரின் அண்ணன் திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருந்தார். 'பிள்ளை பெற்றவர்களுக்கான திராட்சை டானிக்' என்று லேபிள் ஒட்டிய பாட்டில்தான் அங்கே அதிகம் விற்றது. வாங்கியவர்களோ ஆண்கள். வேடசந்தூர் ரோட்டு மில்லில் ஷிப்டு முடித்துச் சைக்கிளில் வருகிறவர்கள் சந்து முனையிலேயே அண்ணாந்து குடித்துவிட்டுப் போவார்கள். கூட்டுக் குடும்பமாக இருந்த எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

என் அண்ணன் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். கலப்படத் தடைச் சட்டம் வந்தபின் கடைகளில் மாதிரி எடுப்பதும் அவர் வேலையானது. ஒருநாள் காலை போலீசோடு வந்து அந்த டானிக்கை மூன்று பாட்டில்களில் பிரித்து ஊற்றி, அரக்கு முத்திரை வைத்து, ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போனார். மதியம் அந்தப் பாட்டில் என் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"ஒங்க அண்ணனுக்கு யாரு சொன்னா?" என்றார் கணவரின் அண்ணன்.

"எனக்குத் தெரியாது."

"பெறகு? செவுரா போயிச் சொல்லுச்சு?"

அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனாலும் மாமியார் கூடவே வந்தார். என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி, தலையை நிமிர்த்தாமல், "நீதானா?" என்று கேட்டார். "நான் இல்ல" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன். பிறகு நானும் எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். கடையில் பொட்டலம் மடிப்பவரை, எதிர்த்த சோடாக்கடைக்காரரை, ஏன், என் கணவரைக்கூட. அண்ணனிடம் கேட்டதற்கு, "அத மட்டும் கேக்காத தாயி" என்று சொல்லிவிட்டார்.

மாதிரியைச் சோதித்த ரிப்போர்ட் சென்னையிலிருந்து வந்தது. அதில் திராட்சையே கிடையாதாம். சாராயம், சாயம், சர்க்கரைதான். கேஸ் போட்டார்கள்.

அந்த வாரம் துணி துவைக்கும்போது என் ஓரகத்தி, கடைக்காரரின் மனைவி, குனிந்தபடியே சொன்னாள்: "நாந்தான் சொன்னேன். ஒங்க அண்ணன் ஒன்னயப் பாக்க வந்தப்ப, காப்பி குடுக்கையில."

நான் சோப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

"லேபிள்ல போட்டுருக்கத நம்பி, பிள்ள பெத்த ஒடம்புக்கு நானும் குடிச்சேன். மயங்கிக் கெடந்துருக்கேன். முழிச்சுப் பாத்தா பச்சப்பிள்ள அழுகக்கூடத் தெம்பில்லாமக் கெடக்கு. அவருகிட்டச் சொன்னா, 'அது விக்கிறதுக்குடி, அத ஏன் நீ குடிச்ச?'ங்கிறாரு."

"எம்மேல பழி விழுகுதே, அக்கா?"

"ஒன்னயத் தொரத்துனா ஒனக்கு ஒங்க அண்ணன் வீடு இருக்கு. நான் எங்க போவேன்?"

கோபம் வந்தது. ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கோர்ட்டில் அபராதம் போட்டார்கள், லைசென்சும் போயிற்று. கணவரின் அண்ணன் நத்தத்துக்குக் குடிபோய்ப் புளி வியாபாரம் பார்த்தார். சாகும்வரை என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஓரகத்தி விசேஷங்களில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள்; அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டாள். என் கணவரும் மறுபடி கேட்கவில்லை. நம்பினாரா, நம்பாமலேயே என்னோடு வாழ்ந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.