தர்சினியின் படமும் ஜெசிந்தாவின் எடிட்டும்

லாமினேட் மெசின் சூடேறும்போது ஒரு வாசம் வரும்... உருகின பிளாஸ்டிக்கும் புதுத் தாளும் கலந்த மாதிரி. மல்லாவிச் சந்தைக்குக் கிட்ட நான் வேலை செய்த படமெடுக்கிற ஸ்ரூடியோவில் காலை முழுக்க அந்த வாசம்தான். மேலே தகரக் கூரை. இருந்த ஒரே ஃபானையும் கணினியின் பக்கம் திருப்பி வைத்திருப்போம். அது சூடாகி நின்றுவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

நேற்று நான் இங்கே போட்ட வவுனிக்குளத்துப் படத்தைப் பார்த்துவிட்டு எந்த அப்பில் எடிட் பண்ணியது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அப் எல்லோருடைய போனிலும் இருப்பதுதான். பழக்கம்தான் ஜெசிந்தாவிடம் இருந்து வந்தது.

ஜெசிந்தா முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளை. வீட்டில் கடற்தொழில். மல்லாவியில் மாமி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். என் வயதுதான். நான் ஸ்கந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் போவேன். முதலாளி கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கப் போய்விடுவார். கடையில் நாங்கள் இரண்டு பேர். அவளுக்குக் கமராவும் கணினியும், எனக்கு பிறின்ற் எடுத்து வெட்டுகிற வேலை.

அவள் செய்வதெல்லாம் சின்னச் சின்ன விசயம். முதலில் படத்தை ஒரு கொப்பி எடுப்பாள், ஒரிஜினலில் கை வைக்க மாட்டாள். சரிந்து நிற்கிற படத்தை நிமிர்த்துவாள். பிறகு குறொப். தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, ஓரத்தில் தெரிகிற வாளி, கொடியில் காய்கிற உடுப்பு எல்லாவற்றையும் வெட்டிவிடுவாள். பல்ப் வெளிச்சத்தின் மஞ்சளைச் சற்றுக் குறைப்பாள். முகத்தில் விழுந்த நிழலைச் சற்றுத் தூக்குவாள்.

முடிந்ததும் சேவ் பண்ண மாட்டாள். எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்பப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பிழைக்குப் பழகிவிடுமாம். பக்கத்தில் இருந்து இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்று நான் சொன்னால், "போதும், விடு" என்பாள்.

ஆனால் வருகிறவர்கள் கேட்பது வேறு. "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ..." முதலாளியும் கேட்டதைச் செய்து கொடுங்கோ என்றுதான் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் தர்சினி என்றொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவளுடைய சித்தி வந்தா. கலியாணப் பேச்சுக்குப் படம் வேண்டும். தர்சினி நல்ல கறுப்பு, பெரிய கண். முகத்தில் சிரிப்பே இல்லை. வேறு இடத்தில் எடுத்த பழைய படம் ஒன்றையும் சித்தி காட்டினா. மாவில் செய்த பொம்மை மாதிரி இருந்தது. இதைவிட வெள்ளையாக வர வேண்டுமாம்.

ஜெசிந்தா தர்சினியைப் பார்த்து, முந்தின படம் பிடித்ததா என்று கேட்டாள். அவள் குனிந்தபடி சொன்னாள்.

"அந்தப் படத்தைப் பாத்திட்டுப் பொம்பிளை பாக்க வந்தவை, நான் தேத்தண்ணி குடுக்கேக்க, பொம்பிளை எங்கயெண்டு என்னட்டயே கேட்டவை."

சித்தி வெளியே றோட்டைப் பார்த்தா. அவவும் பாவம்தான். தாய் இல்லாத பிள்ளையை எப்படியாவது கரை சேர்க்க வேண்டுமென்ற அந்தரமும் தவிப்பும்.

ஜெசிந்தா பிளாஷைத் தொடவே இல்லை. கதிரையைத் தூக்கி ஜன்னல் பக்கம் போட்டு, பின்னுக்கு இருந்த பூப்போட்ட ஸ்க்ரீனைச் சுருட்டி, வெறும் சுவரோடு இருத்தினாள். எடுக்கும்போது தர்சினியின் தோட்டம், மாடு, தம்பிமார் என்று ஏதேதோ கதைத்தாள். தர்சினி ஒரு தரம் சிரித்தாள். அந்த இடத்தில் ஜெசிந்தா கமராவை அமத்தினாள்.

பிறகு எடிட். தோளோடு வெட்டினாள். கண்ணுக்குக் கீழே இருந்த நிழலை லேசாக எடுத்தாள். தோலின் நிறத்தில் கை வைக்கவில்லை. சித்திக்காக, அதே படத்தை வெளுத்து இன்னொன்றும் செய்து இரண்டையும் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அன்ரி, இதில எது உங்கட பிள்ளை? அதைத் தாறன்."

சித்தி கனநேரம் பார்த்தா. வெளுத்த படம் மோசமில்லை, உண்மையைச் சொன்னால் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் மற்றதில் தர்சினி இருந்தாள்... அப்போதுதான் சிரித்து முடித்த மாதிரி. சித்தி அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டி, "அக்கா மாதிரியே கிடக்கு" என்றா. அக்கா என்றது தர்சினியின் செத்துப்போன அம்மாவை.

அந்தப் படத்தைத்தான் கொண்டுபோனார்கள். அதைக் காட்டிக் கேட்ட முதல் சம்பந்தம் சரிவரவில்லை. சித்தி வந்து ஏசப் போகிறா என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வந்தா... அதே படத்தில் இன்னும் இரண்டு பிறின்ற் கேட்டா.

அடுத்த மழைக்காலம் முடிய, தர்சினி ஒருவரோடு கடைக்கு வந்தாள். வவுனியாவில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவராம். கலியாணத்துக்குப் படமெடுக்கச் சொல்ல வந்திருந்தார்கள். அந்த அண்ணை ஜெசிந்தாவிடம் சொன்னது இவ்வளவுதான். "படத்தில பாத்த ஆள்தான் கதவைத் திறந்தவா. எனக்கு அது காணும், வேற வேண்டாம்."

அவர்கள் போனபிறகு ஜெசிந்தா முகம் கழுவப் போனாள். வர நேரமானது.

இப்போது அவள் கலியாணமாகி முல்லைத்தீவில் பிள்ளைகளோடு இருக்கிறாள். கணினி வேலை இல்லை. நான் வவுனியாவில் வேறு உத்தியோகம். பின்னேரங்களில் படமெடுப்பது பொழுதுபோக்கு.

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கலியாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை பொம்பிளையின் படம், ஆளுயரத்துக்கும் மேலே. இரண்டு பேருக்கும் பீங்கான் மாதிரி முகம். பொம்பிளையின் சொந்தப் பெரியம்மா அதற்கு முன்னால் நின்று என்னிடம் கேட்டா, "தங்கச்சி, மண்டபம் மாறி வந்திட்டனோ?"

சிரிப்பு வந்தது. அன்று இரவே ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல படம் இல்லாமப் போச்சே" என்றாள்.

வவுனிக்குளத்துப் படத்தைப் போட முதல் கனநேரம் போனில் தட்டிக்கொண்டிருந்தேன். வானத்தை இன்னும் கொஞ்சம் நீலமாக்கலாமோ, தண்ணீரை இன்னும் மினுக்கலாமோ என்று... போன் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும். அந்தக் காலத்தில் ஒரு கணினி, அதுவும் சூடாகி நின்றுவிடும். இப்போது கை நிறையக் கருவி இருக்கிறது.

"போதும், விடு" என்று சொல்லத்தான் பக்கத்துக் கதிரையில் ஆளில்லை.