பள்ளிக்கூடத்து மரக்கால்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது இல்லாமலிருந்தால்தான் அதிசயம் என்பார் என் வீட்டுக்காரர். அந்த வாயை வைத்துக்கொண்டு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஊரின் ஓராசிரியர் பள்ளியில் டீச்சர், ஹெட்மிஸ்ட்ரஸ், மணியடிப்பவள் எல்லாமாக நான் ஒருத்தியே குப்பை கொட்டினேன். அறுபத்தேழில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலம், கூலி என்றுதான் பேச்சு.

அரசாங்கத்தை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். எனக்குச் சம்பளம் வந்தது, பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு வந்தது. கூரை மட்டும் வரவில்லை. நாலு மண்சுவரின் மேல் வருஷா வருஷம் ஊர்தான் தென்னங்கீற்று வேய வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. குறுவை அறுத்துக் களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும், பங்கு பிரிக்கும் முன்பு முதலில் பள்ளிக்கூடத்துக்கென்று மரக்காலால் நெல் அளந்து வைப்பார்கள்; அதற்குப் பெயர்தான் பள்ளிக்கூடத்து மரக்கால். அந்த நெல்லை விற்றுக் கீற்று வாங்குவோம். கூலி வேலை செய்யும் கீழத்தெரு ஆட்கள் ஆளுக்கொரு கை வைத்து வேய்ந்துவிடுவார்கள். நெல் மிராசுதார் களத்து நெல் என்பதால், வேய்ந்து முடித்த அன்று பிள்ளைகள் வரிசையாகப் போய் அவர் வீட்டு வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டும். நல்ல மனுஷர்தான், ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். ஆனால் அந்த நெல்லை அறுத்ததும் கூரையை வேய்ந்ததும் கும்பிடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவர்களை யார் கும்பிட்டார்கள்? ஒவ்வொரு வருஷமும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிட்டாயை மட்டும் நானும் வாங்கிக்கொள்வேன்.

அந்த வருஷம் குறுவையில் கூலித் தகராறு முற்றிவிட்டது. அறுத்த நெல் களத்தில் கிடக்கிறது, பங்கு பிரிக்க முடியவில்லை. கூலி கூட்டிக் கேட்கிறவர்கள் பள்ளிக்கூடத்து மரக்காலைத் தங்கள் பங்கிலிருந்தே கொடுக்கட்டும் என்றார் மிராசுதார். பொதுக் குவியலிலிருந்து எடுப்பதுதான் முறை என்றார் கீழத்தெருக் கூலிக்காரர் சங்கத் தலைவர். அவர் மகள் என்னிடம் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் கொடுக்க மனசு இருந்தது, விட்டுக்கொடுக்கத்தான் இல்லை. நடுவில் என் கூரை சல்லடையாகிவிட்டது.

போதாக்குறைக்கு மேலிடத்து உத்தரவு வேறு. தீபாவளிக்குள் கூரை சரியாகாவிட்டால், எங்கள் பள்ளியை அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். நடுவில் ஓடும் குடமுருட்டி ஆற்றைத் தாண்ட இருந்தது ஒரே ஒரு மூங்கில் பாலம். ஐப்பசி வெள்ளத்தில் பெரியவர்களே அதில் ஏறப் பயப்படுவார்கள். கீழத்தெருவில் முதன்முதலாகச் சிலேட்டு பிடித்த பெண் குழந்தைகள் அதோடு படிப்பை விட்டு நாற்று நடப் போய்விடுவார்கள். எனக்கென்ன, வேறு ஊருக்கு மாற்றல் கிடைக்கும். அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். பதினாலு வயசு வரைக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பைக் கொடுக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதே, கூரை இல்லாமல் என்ன படிப்பு என்று கேட்டேன். பயிற்சிப் பள்ளியில் மனப்பாடம் செய்தது, சும்மா விடுவேனா? அங்கிருந்த அதிகாரி காபி டம்ளரைக் கீழே வைக்காமலே, “முயற்சி பண்ணிக்கிட்டுத்தானே இருக்கோம் டீச்சர்,” என்றார். கட்டடத்துக்கு நிதி இல்லை, ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் கூலிப் பேச்சுவார்த்தைக்குத் தாசில்தார் வந்தார். காலையிலிருந்தே தூறல், பள்ளிக்குள் உட்காரக் காய்ந்த இடமில்லை. பேச்சு நடக்கிற களத்துக் கொட்டகைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். ஒரு பக்கம் மிராசுதாரும் அவர் பங்காளிகளும், எதிரே சங்கத்தார், நடுவே நாற்காலியில் தாசில்தார், அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள். அவர்கள் கூலியை ஆரம்பித்தார்கள், நாங்கள் ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று வாய்ப்பாட்டை ஆரம்பித்தோம். அவர்கள் குரலை உயர்த்தினால் பிள்ளைகள் சளைப்பார்களா? தொண்டை கிழியக் கத்தினார்கள்.

தாசில்தார் திரும்பி, இது யார் பள்ளிக்கூடம், இங்கே ஏன் நடக்கிறது என்று கேட்டார்.

“அரசாங்கப் பள்ளிக்கூடம் சார். கூரைதான் யாரோடதுன்னு தெரியலை,” என்றேன்.

மரக்கால் கதையை ஊரே சொல்லிற்று. கூலியை அப்புறம் பேசலாம், அந்த மரக்காலையாவது இப்போதே யாராவது ஒருவர் அளந்துவிடக் கூடாதா என்றார் தாசில்தார். அங்கேதான் மனுஷர் மாட்டிக்கொண்டார். அதுவரை எதிரும் புதிருமாக இருந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

சங்கத் தலைவர் எழுந்து, “எங்க பிள்ளைங்க படிக்க நாங்க ஏங்க களத்துல மரக்கால் ஏந்தணும்? சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கூரை போடட்டுங்க,” என்றார்.

“அவரு சொல்றது சரிதாங்க,” என்றார் மிராசுதார்.

அந்த இரண்டு பேரும் ஒரு பேச்சில் ஒத்துப்போனதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு, தாசில்தாரும் சேர்ந்து சிரித்துவிட்டார். கூலிப் பேச்சு அன்றும் முடியவில்லை. கூரை கேட்டு அங்கேயே நான் எழுதிய மனுவில் மட்டும் இரண்டு தரப்பும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள், தாசில்தார் அதைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு முன்பே வண்டியில் ஓடு வந்து இறங்கியது. அதுவும் பாதிக் கூரைக்கு! பாதிப் பிள்ளைகளுக்குத்தான் சட்டமா என்று மறுபடியும் போய்ச் சண்டை பிடித்தேன். முயற்சி பண்ணுகிறோம் என்றார் அதே அதிகாரி. அதற்குள் கூலித் தகராறும் ஒருவழியாகத் தீர்ந்திருந்தது. அரசாங்கம் மீதியை அனுப்பும் வரைக்கும்தான் என்று சொல்லி, பொதுக் குவியலிலிருந்தே மரக்காலை அளந்தார்கள். தெற்குப் பாதி ஓடு, வடக்குப் பாதி கீற்று. பாதித் தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்தாற்போல இருந்தது எங்கள் பள்ளி. அக்கரையோடு சேர்க்கும் உத்தரவு ரத்தாகிவிட்டது.

வேய்ந்து முடித்த அன்று, பழக்கதோஷத்தில் பிள்ளைகள் தாங்களாகவே வெளியே வந்து வரிசை கட்டினார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள்.

“இந்தத் தடவை யாரைக் கும்பிடணும் டீச்சர்?” என்றாள் சங்கத் தலைவர் மகள்.



“யாரையும் வேண்டாம்டி. இது உங்க பள்ளிக்கூடம். உள்ள போய் உக்காருங்க.”

நம்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். மழை பிடித்ததும் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வரிசை கலைந்ததற்கு அன்று ஒரு நாள் மட்டும் நான் யாரையும் அதட்டவில்லை.